அக்காவும் அந்தக் குழந்தையும் ஒரே அறையில் இருந்ததே இல்லை

எந்த அறைக்குள் நுழைவதானாலும் என் அக்கா வாசலில் ஒரு கணம் நிற்பாள். கதவைப் பாதி திறந்து, கை கைப்பிடியிலேயே இருக்க, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூன்று எண்ணுகிற நேரம். அதற்குப் பிறகுதான் கால் உள்ளே போகும். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வருவதும் அப்படித்தான். அங்கே என்னையும் அடுப்பையும் தவிர ஒன்றும் இருக்காது.

"உள்ள புலியா இருக்கு? வாயேன்" என்பேன்.

"பழக்கம்டி" என்பாள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. தூங்குகிற குழந்தையின் அறைக்குள் திபுதிபுவென்று போகக் கூடாது. முதலில் மூச்சுச் சத்தம் காதில் விழ வேண்டும். சீராக இருந்தால் சரி. சளி கட்டியிருந்தால், காய்ச்சல் வரப் பார்த்தால், வாசலிலேயே தெரிந்துவிடும் என்பாள். இருபத்தாறு வருடம், எட்டு வீடு, ஒன்பது குழந்தைகள். ஒரு வீட்டில் இரட்டை. ஒவ்வொன்றுக்கும் முதல் பல் எந்த மாதம் முளைத்தது என்று கேட்டால் சொல்வாள். தன் பிறந்தநாளைக் கேட்டால் யோசிப்பாள்.

அவள் எனக்குப் பத்து வயது மூத்தவள். கல்யாணமான நாலாம் வருடம் மாமா வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தகவல் இல்லை. பிள்ளை இல்லை. அதன் பிறகு நானும் அவளும்தான். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து எட்டாவதோடு நின்றுவிட்டேன். துணி திருத்தும் கடையில் வேலை. பெரிதைச் சின்னதாக்குவது, நீளத்தைக் குட்டையாக்குவது, கிழிசலைத் தெரியாமல் தைப்பது. பேச வேண்டிய அவசியமில்லாத வேலை. அக்கா என்னை "ஊமை" என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் வேலைக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஒரு வீட்டு அம்மா இன்னொரு வீட்டு அம்மாவிடம் "அவங்ககிட்ட கண்ணை மூடிட்டு விடலாம்" என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் கைமுதல். அது போனால் எல்லாம் போயிற்று. இருபத்தாறு வருடம் அது போகாமல் பார்த்துக்கொண்டாள்.

நான் சொல்லப்போகிற வருடத்தில் அவள் ஒன்பதாவது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வயது எட்டு மாதம். கன்னம், வயிறு, முட்டி எல்லாம் உருண்டையாக இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அவன் பெயர் உருண்டை. அவனுடைய அம்மா வங்கியில் அதிகாரி. காலையில் எட்டரைக்கு அக்கா போனால்தான் அந்த அம்மா செருப்பு மாட்ட முடியும். அப்பாவும் வேலைக்குப் போகிறவர்தான், ஆனால் அவர் செருப்புக்கு யாரும் வரவேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா வளர்த்த ஒன்பதில் மூன்றாவது. மூன்று மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து ஏழு வயது வரை அக்கா கையில் இருந்தவள். இப்போது சினிமாக் கல்லூரியில் கடைசி வருடம். ஆள் வளர்ந்து கதவு நிலை இடிக்கிற உயரம். பெயர் மட்டும் குட்டி.

"ஆயாம்மா, என் படத்துல நீங்க நடிக்கணும்."

"நடிப்பா? இந்த மூஞ்சிக்கா?"

"இந்த மூஞ்சிதான் வேணும். ஏழு நிமிஷம்தான் படம். இதுக்குத்தான் எனக்கு மார்க்கே."

"வசனமெல்லாம் எனக்கு வராதும்மா."

"வசனமே இல்ல."

"அப்ப இவளைப் போடு. பேசாம இருக்கறதுல இவளை மிஞ்ச ஆள் இல்ல." அக்கா என்னைக் காட்டினாள். குட்டி சிரித்தாள்.

"என்ன கதை?" என்று நான்தான் கேட்டேன்.

"அம்மா வெளிய போறாங்க. வீட்டுல ஒரு குழந்தை, அதைப் பாத்துக்கற அம்மா. அவ்வளவுதான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கதவுகிட்ட வந்து நிப்பீங்கல்ல, அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அரைத் தூக்கத்துல நிழல் மாதிரி தெரியும். நீங்க வந்து நின்னுட்டுப் போனாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அதை எடுக்கணும் ஆயாம்மா."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிடம் அந்தப் பெண் கிணற்றில் குதிக்கச் சொல்லியிருந்தாலும் எந்தக் கிணறு என்றுதான் கேட்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருடையதோ ஆளில்லாத அடுக்குமாடி வீட்டில் படப்பிடிப்பு. தனியாகப் போகக் கூச்சம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குட்டியோடு ஒரு தாடிக்காரன் இருந்தான். கேமரா அவனுடையது. என் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கொடுத்து ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினான். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அக்காவின் முகத்தில் விழுந்தது.

"அழகா இருக்காங்க, வேணாம்" என்றாள் குட்டி. "பலகையை எடுத்துடுங்க சித்தி."

எடுத்ததும் அக்காவின் பாதி முகம் இருட்டாகிவிட்டது. "இது போதும்" என்றாள்.

கேமராவைத் தரையில், மடித்த துண்டின் மேல் வைத்தார்கள். ஐந்தடி உயரமுள்ள என் அக்கா அதன் சின்னத் திரையில் கோபுரம் மாதிரி நின்றாள். ஏன் கீழே வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "குழந்தைக்கு அப்படித்தானே தெரிவாங்க" என்றாள் குட்டி. சுவரில் ஒரு சிவப்பு டேப், தரையோரம் இன்னொன்று. மேலே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும்.

"என்ன நினைச்சுக்கட்டும்?" என்றாள் அக்கா.

"எதையும் நினைக்காதீங்க. முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க."

ஆறு தடவை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "எதையும் நினைக்காதேன்னா எப்படிடி? உருண்டைக்கு நாளைக்குத் தடுப்பூசி. அதையே நினைச்சுட்டு நின்னேன்" என்றாள்.

பிறகு ஆப்பிள் நறுக்குகிற காட்சி. கேமராவை நன்றாகக் கிட்டே கொண்டுபோய், கத்தியும் அக்காவின் விரல்களும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். ஆப்பிள் அதில் தெரியவே இல்லை. தட்டில் வைத்து எடுத்தது போக மிச்சத்தை நானும் தாடிக்காரனும் தின்றோம். கடைசியாக அவளைக் கதவருகே நிறுத்தினார்கள். அதற்கு மட்டும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

குழந்தையை எடுத்தது அடுத்த ஞாயிறு. தாடிக்காரனின் அக்கா மகள், இரண்டு வயது. அன்றைக்கு வங்கியம்மாவுக்கு ஏதோ விசேஷம் என்று அக்கா உருண்டையோடு இருந்தாள். அந்தக் குழந்தையின் சட்டையைக் கொஞ்சம் பிடித்துத் தைக்கவேண்டியிருந்ததால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள், குழந்தை நிமிர்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. நான் நாக்கை நீட்டிக் காட்டினேன். அது கெக்கெக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர்களுக்கு வேண்டாம். சிரித்துச் சலித்து, பசியெடுத்து, சும்மா வெறித்துப் பார்த்தபோது எடுத்துக்கொண்டார்கள். குளியலறைக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, வாளியில் சொட்டும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, அவர்கள் கேட்ட ஒரு திரைச்சீலையைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். ஜன்னலில்லாத சின்ன அறை, இரண்டு கணினித் திரை, மூலையில் காலி டீ கோப்பைகள். குட்டி எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சித்தி. நீங்கதான் முதல் ஆள்."

அக்காவின் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. அடுத்த படம், தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பின் கழுத்து. அடுத்தது கத்தி. குழந்தை நிமிர்ந்து வெறித்துப் பார்த்தது. கதவின் கைப்பிடி அசைந்தது. மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் ஒன்றுமில்லை. சொட்டு, சொட்டு, சொட்டு. பாதி திறந்த கதவில் பாதி முகத்தோடு ஓர் உருவம், தலையைச் சாய்த்துக்கொண்டு.

"இருங்க. ஒரு விநாடிக்கு இருபத்து நாலு படம் ஓடும். இங்க இன்னும் பன்னெண்டு சேக்கறேன். அரை விநாடிதான். இப்பப் பாருங்க."

பார்த்தேன். உருவம் நின்றது. போய்விடும் என்று நினைத்த நேரத்தில் போகாமல் இன்னும் நின்றது. என் அக்காவைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. எனக்கு வாந்தி வந்தால் கையில் ஏந்தியவளைப் பார்த்து.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள். பிறகு முடிவைக் காட்டினாள். அந்த அம்மா உள்ளே வந்து, குனிந்து, தட்டை வைக்கிறாள். தட்டில் ஆப்பிள் துண்டுகள். கதவு வழியாகக் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குத்தான் கெட்ட புத்தி. "இதுதான் சித்தி படம். நாம ஏன் அவங்களைச் சந்தேகப்பட்டோம்?"

ஒட்டு வெளியே தெரியாமல் தைப்பது எனக்கும் தெரிந்த வேலைதான். அங்கே ஒவ்வொரு ஒட்டும் எனக்குத் தெரிந்தது. அக்கா ஒரு ஞாயிறு, குழந்தை இன்னொரு ஞாயிறு. ஆனால் நான் யார் தோளையும் எடுத்து வேறு ஒருவர் உடம்பில் வைத்துத் தைத்ததில்லை. முடிவைப் பார்க்காமல் ஒருவர் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. "அக்கா பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"முடிச்சுட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் சஸ்பென்ஸ்."

ஒரு போட்டிக்குப் படத்தை அனுப்பினாள். முதல் சுற்றில் ஒரு நிமிட முன்னோட்டம் மட்டும் போட்டு மக்களிடம் ஓட்டு வாங்க வேண்டுமாம். கதவில் அக்கா நிற்பதோடு அதை நிறுத்தினாள். திரை இருண்டு, "உங்கள் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்கிறீர்கள்?" என்று எழுத்து வந்தது. சஸ்பென்ஸ் என்றால் அங்கேதான் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல மாணவி.

யாரோ தொடக்கத்தில் வரும் படத்தின் பெயரை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கைபேசியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். "எல்லா அம்மாக்களும் பார்க்கவும்" என்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கைபேசிக்கு வாயே கிடையாது, எதை மூடுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியம்மா போன் செய்து, "ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கங்க" என்றார். அக்கா ஒரு வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அந்தத் துண்டுப் படம் எனக்கே இரண்டு பேரிடமிருந்து வந்துவிட்டது. அக்காவிடம் காட்டினேன்.

"இது நானா?" என்றாள். பிறகு, "அந்தக் குழந்தை யாரு?" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். கூடத்தில் வங்கியம்மாவும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். அந்த வீட்டில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"நடிப்புன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க ஒண்ணும் படிக்காதவங்க இல்ல" என்றார் வங்கியம்மா. "ஆனா ஆபீஸ்ல உக்காந்தா அந்தக் கதவுதான் கண்ணு முன்னாடி வருது. எங்க மாமியார் வேற தினம் போன் பண்ணி அழறாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, பேசினேன். "அக்காவும் அந்தக் குழந்தையும் ஒரே அறையில இருந்ததே இல்லைங்க. வேற வேற நாள்ல எடுத்தது. நான் அங்கதான் இருந்தேன். கத்தி ஆப்பிள் நறுக்கினது. சொட்டுற சத்தம் வாளியில எடுத்தது." வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வங்கியம்மா கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கணவரைப் பார்த்து, "குழந்தையே இல்லாம இப்படிப் பாத்திருக்காங்கன்னா, எவ்வளவு நல்லா நடிக்கறாங்க பாருங்க" என்றார். பிறகு அக்காவிடம்: "தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நடிக்கத் தெரிஞ்சவங்க எங்க முன்னாடி எப்படி இருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் நடிக்கலம்மா. உருண்... தம்பியோட தடுப்பூசியை நினைச்சுட்டு நின்னேன்."

அது அவர்களுக்கு இன்னும் மோசமாகக் கேட்டிருக்க வேண்டும். கணவர் எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது அக்கா, "ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே" என்று கேட்டாள். மறுக்க அந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை. அக்கா உள்ளறைக் கதவைப் பாதி திறந்தாள். கை கைப்பிடியிலேயே இருந்தது. தலை சாய்ந்தது. நின்றாள்.

வங்கியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று கணவரின் சட்டையைப் பிடித்தார்.

"நெஞ்சுல சளி இருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் அக்கா. உள்ளே போகவில்லை.

குட்டியிடம் நானே போனேன். முழுப் படத்தையும் அந்த அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன். அவள் அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். ஆனால் போட்டி முடிகிற வரை முழுப் படம் வெளியே போகக் கூடாது, போனால் தகுதி நீக்கம். "மூணே மாசம் சித்தி. அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கச் சொல்றியா? மூணு மாசம் வேற ஆள் வைக்காம அந்தம்மா அக்காவுக்காகக் காத்துட்டு இருப்பாங்களா?"

"நானே போய்ப் பேசறேன்" என்றாள். போனாள். வங்கியம்மா அவளை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்து, "பிரமாதமா எடுத்திருக்கம்மா, எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல" என்று பாராட்டி அனுப்பினாராம். இதைச் சொல்லும்போது குட்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அக்கா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "புள்ளை படிப்பு. அதைக் கெடுத்து எனக்கென்ன?" என்றாள். வேறு மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். முதல் வீட்டில் ஆள் கிடைத்துவிட்டது என்றார்கள். இரண்டாவதில் கதவையே முழுதாகத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் எல்லாம் பேசி முடித்து, நாளைக்கு வரச் சொல்லி, படியிறங்கும்போது மேலேயிருந்து ஒரு குரல்: "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?" அக்கா திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பெரிய அரங்கில் படத்தைப் போட்டார்கள். எங்களை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். கதவு வந்தபோது அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆப்பிள் தட்டு வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள். நீண்ட கைதட்டல். நடுவர்களில் ஒருவர் மேடையில், "பாக்கறவனையே குற்றவாளி ஆக்கிட்டியேம்மா" என்று புகழ்ந்தார். குட்டி எங்களைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னாள். அக்கா எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சிரித்துக் கைதட்டிக்கொண்டே, மடியிலிருந்த மகனை மறுபக்கத் தொடைக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கே தெரிந்திருக்காது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "நல்லாத்தான் எடுத்திருக்கா, இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. ஊமைதானே.

படத்துக்கு இரண்டாம் பரிசு. குட்டிக்கு உடனே விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அக்காவின் பிறந்தநாளுக்குக் குட்டி போன் செய்வாள். ஒரு தடவை புடவை அனுப்பினாள். முழுப் படம் இணையத்தில் இருக்கிறது, சில நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் இன்னும் சுற்றுகிறது. போன மாதம் கடைக்கு வந்த ஒரு பெண், மகளின் பாவாடையை அளவெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் அதைக் காட்டி, "ஜாக்கிரதையா இருக்கணும்க்கா" என்றாள். இடுப்புச் சுற்றளவு இருபது என்று எழுதிக்கொண்டேன்.

உருண்டை காப்பகத்துக்குப் போகிறான் என்று கேள்வி. அக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில் இருக்கிறாள். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடிக்க வேண்டும். காலை ஆறு மணி ஷிஃப்ட். அங்கே பிள்ளைகள் வர அனுமதி இல்லை. அவள் ஒரு குழந்தையைத் தூக்கி மூன்று வருடமாகிறது.